பைக்குத் திரும்பிய காசு

மகள் செத்துக் கிடக்கிறாள். மூன்று பிள்ளைகளில் கடைசியாக மிஞ்சியிருந்தவள் அவள்தான். வண்டியிலிருந்து ஒரு தார்ப்பாயை எடுத்துவந்து தாய் அவளை மூடுகிறாள். படை நகர ஆரம்பித்துவிட்டது. அதன் பின்னாலேயே போனால்தான் பிழைப்பு. புதைக்கிற பொறுப்பைப் பக்கத்தில் நிற்கும் குடியானவர்களிடம் ஒப்படைக்கிறாள். தோல் பணப்பையைத் திறந்து, விரல்களால் துழாவிச் சில காசுகளை எடுக்கிறாள். அதில் ஒன்றை மறுபடி பைக்குள் போடுகிறாள். மீதியைக் கொடுக்கிறாள்.

பெர்டோல்ட் பிரெக்ட் எழுதிய ‘அன்னை கரேஜும் அவள் பிள்ளைகளும்’ நாடகத்தின் கடைசிக் காட்சி இது. தாய் பணம் கொடுப்பது பிரதியில் இருக்கிறது. ஒரு காசு பைக்குத் திரும்புவது பிரதியில் இல்லை. அது நடிகை ஹெலேன வைகல் மேடையில் சேர்த்தது. 1949 ஜனவரி 11 அன்று, குண்டுவீச்சில் இடிந்து கிடந்த பெர்லினில், டாய்ச்சஸ் தியேட்டரில் அவர் அந்தப் பாத்திரத்தை ஏற்றார். அந்தத் தயாரிப்பு அடுத்த 12 ஆண்டுகளில் 400 தடவைக்கு மேல் மேடையேறியது.

அந்த ஒற்றைக் காசுக்குள் எவ்வளவு இருக்கிறது என்று யோசிக்க யோசிக்க வியப்பு கூடுகிறது. அவள் கல்நெஞ்சக்காரி என்று அது சொல்லவில்லை. துக்கத்தில் கை நடுங்கியது என்றும் சொல்லவில்லை. வாழ்நாள் முழுக்கக் காசை எண்ணியே பழகிய விரல்கள், மனசு எங்கே கிடந்தாலும் தம் வேலையைத் தாமே செய்துவிடுகின்றன. அவ்வளவுதான். துக்கம் ஒரு பக்கம், பழக்கம் ஒரு பக்கம். இரண்டும் ஒரே உடம்பில், ஒரே நொடியில். இந்தச் சைகையால் காட்சியின் பேரவலம் சற்றும் குறையவில்லை என்று பிரெக்ட் தம் குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். நான் இன்னும் ஒரு படி மேலே போவேன்: அந்தக் காசு திரும்பாமல் இருந்தால் அது எல்லாத் தாய்களின் துக்கமாக ஆகியிருக்கும். திரும்பியதால்தான் அது இந்த ஒருத்தியின் துக்கமாக இருக்கிறது.

நாடகத்தைப் படிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவைச் சுடுகாடாக்கிய முப்பதாண்டுப் போர். ‘அன்னை கரேஜ்’ என்று அழைக்கப்படும் அன்னா ஃபியர்லிங் ஒரு வண்டியில் சாராயம், ரொட்டி, சட்டை, தோட்டா என்று சகலத்தையும் ஏற்றிக்கொண்டு படைகளின் பின்னால் போய் விற்கிறாள். இரண்டு மகன்கள், வாய் பேசாத ஒரு மகள். போரால் பிழைக்கிறாள், அந்தப் போருக்கே ஒவ்வொரு பிள்ளையாகக் காவு கொடுக்கிறாள். பிள்ளை போகிற ஒவ்வொரு தடவையும் அவள் ஏதோ ஒரு வியாபாரத்தில் கண்ணாக இருக்கிறாள். கடைசியில் ஆளில்லாத வண்டியைத் தனியாக இழுத்துக்கொண்டு மறுபடி படையின் பின்னால் போகிறாள். அவள் எதையும் கற்றுக்கொள்ளவில்லை. பார்க்கிறவர்கள் கற்றுக்கொண்டால் போதும் என்பது பிரெக்டின் எண்ணம்.

இப்படிப்பட்ட ஒருத்தியை நடிப்பதில் ஒரு பெரிய ஆபத்து உண்டு. பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய் என்றாலே அரங்கம் உருகிவிடும். 1941இல் சூரிச் நகரில் இந்த நாடகம் முதலில் அரங்கேறியபோது அதுதான் நடந்தது. தெரேஸ கீஸெ என்ற மாபெரும் நடிகை அந்தப் பாத்திரத்தை ஏற்றார். அழியாத தாய்மையின் வெற்றியாகப் பலர் அதைப் பார்த்தார்கள். பெர்லினுக்கு வருமுன் பிரெக்ட் சில இடங்களைத் திருத்தி அவளுடைய வியாபார புத்தியை இன்னும் கூர்மையாக்கினார். ஆனால் பிரதியைத் திருத்துவது ஒன்று, மேடையில் அதை உடம்பில் காட்டுவது இன்னொன்று.

வைகல் அதைப் பணப்பையில் காட்டினார். வியாபாரம் முடிந்து காசு உள்ளே போனதும் அந்தப் பை ‘படக்’ என்று மூடும். கடைசி வரிசை வரை கேட்கும். முதல் காட்சியில் ஒரு சார்ஜென்ட் பெல்ட் பக்கிள் ஒன்றை விலை பேசுகிறான். அவள் அவன் கொடுத்த காசைப் பல்லால் கடித்துப் பார்க்கிறாள், நல்ல காசுதானா என்று. இதே நேரத்தில் மேடையின் இன்னொரு பக்கம் ஆள்பிடிக்க வந்தவன் மூத்த மகனின் தோளில் கை போட்டு அழைத்துப் போய்விடுகிறான். ஒரு பக்கிளுக்கு ஒரு மகன். கடிக்கும் பல்லும் மூடும் பையும் நமக்கு முன்னால் இருக்கின்றன. மகன் போவது ஓரத்தில் நடக்கிறது. எதை உரக்கச் செய்வது, எதை ஓரத்தில் விடுவது என்ற இந்தத் தேர்வுதான் நடிப்புக் கலையின் உச்சம் என்று எனக்குப் படுகிறது.

பஞ்சு வைத்துத் தைத்த பழைய மேற்சட்டை, அதன் மார்பில் செருகிய ஒரு கரண்டி, தலையில் துணி. வைகல் மேடைப் பொருட்களைச் சும்மா கையில் எடுத்தவர் அல்லர். ஒவ்வொன்றையும் தேடி, தடவிப் பார்த்து, அதன் தேய்மானத்தைக் கணக்கிட்டுத் தேர்ந்தெடுப்பார். அவர் பொருள் தேர்ந்தெடுக்கும் விதத்தைப் பற்றியே பிரெக்ட் ஒரு கவிதை எழுதினார். அந்தக் கரண்டியைப் பாருங்கள். எங்கே எப்போது சோறு கிடைக்கும் என்று தெரியாதவள், கிடைத்த இடத்தில் உட்கார்ந்து சாப்பிடத் தயாராகக் கரண்டியோடே திரிகிறாள். அதை விளக்க ஒரு வசனம் தேவைப்படவில்லை.

மூன்றாம் காட்சிக்கு வருவோம். உலக நாடக மேடை இன்றுவரை பேசிக்கொண்டிருக்கும் நொடி அதில்தான் இருக்கிறது.

இளைய மகன் ஒரு படைப்பிரிவின் சம்பளப் பெட்டியைப் பொறுப்பாகக் காத்தவன். எதிரிகளிடம் பிடிபடுகிறான். 200 கில்டர் லஞ்சம் கொடுத்தால் உயிர் பிழைப்பான். வண்டியை அடகு வைத்தால்தான் அந்தப் பணம் வரும். வண்டி போனால் தானும் மகளும் எப்படிப் பிழைப்பது? அவள் பேரம் பேசுகிறாள். நடுவில் ஓடி ஓடித் தூது போகும் பெண்ணிடம் 120 என்கிறாள். அவர்கள் மறுக்கிறார்கள். சரி, 200ஐயே கொடுத்துவிடு என்று சொல்லி அனுப்பும்போது நேரம் கடந்துவிடுகிறது. தூரத்தில் துப்பாக்கிகள் ஒரே சமயத்தில் வெடிக்கும் ஓசை.

வைகல் ஒரு தாழ்ந்த ஆசனத்தில் உட்கார்ந்திருக்கிறார். ஓசை கேட்டதும் தலை பின்னால் சாய்கிறது. வாய் பிளக்கிறது, தாடை இதற்கு மேல் இறங்காது என்ற அளவுக்கு. கழுத்து நரம்புகள் புடைக்கின்றன. நாம் அலறலுக்காகக் காத்திருக்கிறோம். வரவில்லை. ஒரு சத்தமும் வரவில்லை. பிறகு வாய் மூடுகிறது, தலை முன்னால் தொங்குகிறது.

இதை நேரில் பார்த்த விமர்சகர் ஜார்ஜ் ஸ்டைனருக்குப் பிக்காசோவின் ‘குவெர்னிக்கா’ ஓவியத்தில் வாய் பிளந்து நிற்கும் குதிரை நினைவுக்கு வந்தது. அவர் சொன்னது மிகச் சரி. ஓவியத்தில் வாய் திறந்திருக்கும், ஒலி இருக்காது. காது அதைத் தானே நிரப்பிக்கொள்ளும். வைகல் அந்த ஓவிய நியதியை உயிருள்ள உடம்புக்குக் கொண்டுவந்தார். பார்வையாளர் ஒவ்வொருவரும் அந்த அலறலைத் தமக்குள் கேட்டாக வேண்டும். அவர் கத்தியிருந்தால் நாம் பரிதாபப்பட்டு இருக்கையில் சாய்ந்திருப்போம். அவர் கத்தாததால் அந்த அலறல் முடியவே இல்லை.

காரணம் கதைக்குள்ளும் இருக்கிறது. அவள் கத்தக் கூடாது. செத்தவன் தன் மகன் என்று காட்டிக்கொண்டால் அவளையும் மகளையும் பிடித்துக்கொண்டு போவார்கள். சற்று நேரத்தில் பிணத்தைத் தூக்கிவந்து, இவனைத் தெரியுமா என்று கேட்கிறார்கள். இரண்டு தடவை கேட்கிறார்கள், இரண்டு தடவையும் இல்லை என்று தலையாட்டுகிறாள். உரிமை கோர ஆளில்லாத பிணமாக அவனைக் குழியில் எறியக் கொண்டுபோகிறார்கள். எனவே அந்த மௌன அலறல் வெறும் உத்தி இல்லை. தொண்டை வரை வந்ததை அந்தப் பெண் விழுங்குகிறாள், பிழைத்துக் கிடப்பதற்காக.

அழுகை என்ற மெய்ப்பாட்டுக்குத் தொல்காப்பியர் நான்கு நிலைக்களன்கள் சொல்கிறார்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. ஒரு காட்சியில் இவற்றில் ஒன்று இருந்தாலே நடிகருக்குப் போதும். இங்கே நான்கும் ஒன்றின் மேல் ஒன்றாக விழுகின்றன. மகனை இழந்தாள். பேரம் பேசித் தானே அவனைத் தொலைத்தாள் என்ற இளிவு. இருந்த நிலையிலிருந்து சரிவு. கையில் காசில்லாத வறுமைதான் எல்லாவற்றுக்கும் மூலம். மெய்ப்பாடு என்பது உள்ளத்தில் நிகழ்வது மெய்யின்கண் தோன்றுவது என்றால், குரல் துணையில்லாமல் மெய் மட்டுமே பேசிய இந்த நொடியைவிடத் துல்லியமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. ஒப்பாரியில் ஊறிய நமக்கு, குரல்தான் துக்கத்தின் வடிகால். வடிகாலை அடைத்துவிட்டால் என்ன ஆகும் என்பதை வைகல் காட்டுகிறார்.

அந்த முகம் எங்கிருந்து வந்தது என்பதற்குப் பிரெக்ட் எழுதிய குறிப்பு ஒன்று இருக்கிறது. சிங்கப்பூர்மீது குண்டு விழுந்தபோது, கொல்லப்பட்ட தன் மகனின் உடலருகே குந்தியிருந்த ஓர் இந்தியப் பெண்ணின் பத்திரிகைப் புகைப்படத்திலிருந்து அது வந்திருக்கலாம் என்கிறார். பல வருடங்களுக்கு முன் வைகல் அதைப் பார்த்திருக்க வேண்டும். கேட்டபோது அவருக்கு நினைவில்லை என்றும் சேர்த்து எழுதுகிறார். 1942இன் சிங்கப்பூரில் வாழ்ந்த இந்தியர்களில் பெரும்பகுதியினர் தமிழர்கள். அந்தப் பெண் யார், எந்த மொழியில் அழுதாள் என்று குறிப்பில் இல்லை. ஆனாலும் இதைப் படித்த நாளிலிருந்து அந்தத் திறந்த வாயைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வியன்னாவில் பிறந்த நடிகை மட்டும் தெரிவதில்லை. சிறந்த நடிகர்களின் கண் இப்படித்தான் வேலை செய்கிறது போலும். எங்கோ பார்த்ததை எடுத்துவைத்துக்கொண்டு, எடுத்ததையே மறந்துவிடுகிறது. வேண்டிய நேரத்தில் உடம்பு அதைத் திருப்பித் தருகிறது.

இத்தனை அடக்கம் அவருக்குப் பிறவியில் வந்ததில்லை. 1900 மே 12 அன்று வியன்னாவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். வீட்டார் விருப்பத்துக்கு மாறாக நடிக்கப் போனார். முதலில் ஃபிராங்ஃபர்ட், பிறகு 1922இல் பெர்லின். அது ஜெர்மன் மேடை கூச்சலைக் கொண்டாடிய காலம். உணர்ச்சியைத் தொண்டை கிழியக் கொட்டுவதே நடிப்பு என்று கருதப்பட்டது. இளம் வைகலும் உரத்த குரலுக்குப் பேர்போனவராகத்தான் இருந்தார். குரல் இல்லாதவர் மௌனம் சாதிப்பதில் வியப்பில்லை. அரங்கத்தை அதிரவைக்கும் குரலைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் பூட்டிவைத்தார் என்பதில்தான் சுவை இருக்கிறது.

மாற்றம் தெரிந்த இடம் என்று 1929ஐச் சொல்லலாம். பெர்லின் அரசு அரங்கில் சோஃபகிளீஸின் ‘ஈடிபஸ்’. வைகலுக்கு யோகாஸ்டாவின் பணிப்பெண் வேடம், சின்ன வேடம். அரசி இறந்துவிட்டாள் என்ற செய்தியை வந்து சொல்ல வேண்டும். வழக்கமாக நடிகைகள் இங்கே கதறுவார்கள். வைகல் உணர்ச்சியே கலக்காத, ஊசி போல் துளைக்கும் குரலில் இறந்தாள் என்று அறிவித்தார். அதிர்ச்சியைக் குரலில் வைக்காமல், வெண்மை பூசிய முகத்தில் வைத்தார். ஒரு பணிப்பெண்ணின் சொந்தத் துக்கத்தைவிட மரணம் என்ற உண்மையே அங்கே கனமாக விழுந்தது என்று பிரெக்ட் எழுதினார். அதே வருடம் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். மகன் அதற்கு ஐந்து வருடங்களுக்கு முன்பே பிறந்திருந்தான்.

1932இல் கார்க்கியின் நாவலை வைத்து எழுதிய ‘தாய்’ நாடகத்தில் பெலகேயா விளாசோவா. எழுத்தறிவில்லாத ஒரு தொழிலாளியின் தாய், சூப்பு காய்ச்சிக்கொண்டிருந்தவள், புரட்சிக்காரியாக மாறுகிறாள். இதில் எனக்குப் பிடித்த காட்சி, செம்புப் பாத்திரங்களைப் போருக்குத் தானம் கொடுக்கப் பெண்கள் வரிசையில் நிற்கும் இடம். குண்டு செய்யச் செம்பு வேண்டும். மற்றவர்கள் அண்டா குண்டாவோடு நிற்க, விளாசோவா ஒரு சின்னஞ்சிறு செம்புக் குவளையோடு வருகிறாள். போர் இன்னும் நீடிக்க வேண்டாமா, கொடுங்கள் கொடுங்கள் என்று தேசபக்தி பேசியே அத்தனை பேர் மனத்திலும் சந்தேகத்தை விதைக்கிறாள். கையில் ஒரு குவளை, வாயில் வெள்ளந்திப் பேச்சு. வைகலின் நகைச்சுவையைப் பற்றி ஏனோ குறைவாகவே எழுதுகிறார்கள். அவர் சோக நடிகை என்று முத்திரை விழுந்துவிட்டது. ஆனால் வறுமைப்பட்டவர்களின் சமர்த்தை, அவர்கள் அதிகாரத்தின் முன் அசடு போல் நின்று காரியம் சாதிக்கும் அழகை, அவர் அளவுக்கு ரசித்துக் காட்டியவர்கள் சிலரே.

அந்த நாடகம் பெர்லினின் மோவாபிட் தொழிலாளர் பகுதிக்குப் போனபோது காவல்துறை குறுக்கே வந்தது. கட்டடம் நாடகத்துக்குத் தகுதியில்லை என்று காரணம் சொன்னார்கள். உடையில்லாமல், காட்சியமைப்பு இல்லாமல் வாசிக்கத்தான் அனுமதி. வாசிப்பில் நடிப்பு எட்டிப் பார்க்கும்போதெல்லாம் நிறுத்தினார்கள். நடிகர்கள் வெறுமனே உட்கார்ந்து படித்து முடித்தார்கள். கையைக் கட்டிப்போட்டால் என்ன செய்வது என்ற பாடம் வைகலுக்கு அங்கேயே தொடங்கிவிட்டது என்று நினைக்கிறேன்.

1933 பிப்ரவரியில் நாடாளுமன்றக் கட்டடம் எரிந்த மறுநாள் குடும்பம் ஜெர்மனியை விட்டு வெளியேறியது. டென்மார்க், சுவீடன், பின்லாந்து, பிறகு சோவியத் யூனியனைக் கடந்து விளாடிவாஸ்டாக், அங்கிருந்து கப்பலில் கலிஃபோர்னியா. ஒரு நடிகைக்கு நாடு கடத்தல் என்றால் மொழி கடத்தல். எழுத்தாளன் இழுப்பறைக்காகவாவது எழுதலாம். நடிகை என்ன செய்வாள்? 1937இல் பாரீசில் புலம்பெயர்ந்த ஜெர்மானியர்கள் நடத்திய ‘திருமதி கார்ராரின் துப்பாக்கிகள்’ நாடகத்தில் ஒரு ஸ்பானிய மீனவப் பெண்ணாக நடித்தார். நாடகம் முழுக்க அடுப்பில் ரொட்டி வெந்துகொண்டிருக்கிறது. போரில் சேரமாட்டேன், மகன்களையும் விடமாட்டேன் என்று பிடிவாதமாக இருப்பவள், மகனின் பிணம் வந்து சேர்ந்ததும் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு புறப்படுகிறாள். வெந்த ரொட்டியும் கூடவே போகிறது. துக்கத்தின் நடுவிலும் அடுப்பை மறக்காத பெண்கள்தான் வைகலின் பெண்கள்.

அன்னை கரேஜின் ஊமை மகள் கட்ரின் வேடத்தைப் பிரெக்ட் 1939இல் எழுதியபோது வைகலை மனத்தில் வைத்திருந்தார். அந்நிய நாட்டு மேடையில் மொழி தெரியாமலே நடிக்கலாமே என்பதற்காக. அந்த வேடம் அவருக்கு வாய்க்கவே இல்லை. அமெரிக்காவில் ஆறு வருடம் வேலை இல்லாமல் சமைத்து, தைத்து, வந்த விருந்தினர்களுக்குச் சாப்பாடு போட்டார். ஸ்பென்சர் டிரேசி நடித்த ‘தி செவன்த் கிராஸ்’ படத்தில் 1944இல் சில நொடிகள் வருகிறார்; வசனமே கிடையாது. மேடையின் மாபெரும் குரல்களில் ஒன்றுக்கு ஹாலிவுட் கொடுத்தது அவ்வளவுதான்.

ஐரோப்பா திரும்பியதும், 1948 பிப்ரவரியில், சுவிட்சர்லாந்தின் ஹூர் என்ற சின்ன ஊரில் அன்டிகனி வேடம். சோஃபகிளீஸின் இளம்பெண்ணை 47 வயதில் ஏற்றார். பிடித்து இழுத்துவரப்படும்போது அன்டிகனியின் முதுகில் ஒரு கதவுப் பலகை குறுக்கே கட்டியிருக்கும். அந்தக் கதவோடேயே மன்னனுக்கு எதிர்நின்று பேசுவார். வீட்டை இழந்தவள் கதவைச் சுமக்கிறாள் என்று வாசித்தாலும் சரி, பாரத்தால் குனிந்த உடம்பு நிமிர்ந்து பேசுவதை மட்டும் பார்த்தாலும் சரி. காட்சி சில தடவைதான் நடந்தது. பதினைந்து வருடம் பெரும்பாலும் வேலை மறுக்கப்பட்ட உடம்பு மறந்துவிட்டதா என்று பார்க்க அதுவே போதுமானதாக இருந்தது. அடுத்த வருடம் அன்னை கரேஜ்.

அதே 1949இல் பெர்லினர் என்சாம்பிள் குழு பிறந்தது. அதன் தலைமைப் பொறுப்பு வைகலுடையது. இறக்கும் வரை 22 வருடம் அவர்தான் நடத்தினார். பிரெக்டின் மனைவி என்பதால் அந்த நாற்காலி வந்தது என்று நினைப்பவர்கள் அந்தக் காலத்து பெர்லினை நினைத்துப் பார்க்க வேண்டும். நாடு கடந்து போயிருந்த நடிகர்களைத் திரும்ப அழைக்க வேண்டும். வந்தவர்களுக்கு வீடு, நிலக்கரி, சாப்பாடு வேண்டும். 1954 வரை குழுவுக்குச் சொந்த அரங்கம் கிடையாது. பிறர் அரங்கில் ஒண்டிக்குடித்தனம். கட்சி அதிகாரிகளுக்கு பிரெக்டின் பாணி மேல் சந்தேகம். மேற்கில் அவர் பெயர் மேலேயே விலக்கு. இத்தனைக்கும் நடுவில் கடிதம் எழுதி, கெஞ்சி, மிரட்டி, விருந்து வைத்துக் குழுவை நிலைநிறுத்தியவர் வைகல். காட்சிகளை அமைத்தவர்களில் பிரெக்டும் எரிக் எங்கெலும் இருந்தார்கள். பின்னால் பெஸன், பாலிட்ஷ், வெக்வெர்ட் போன்ற இளைஞர்கள் அங்கே வளர்ந்தார்கள். அவர்கள் எல்லாரும் நின்று வேலை செய்த தளத்தை இயக்கியவர் இவர்.

இதைத் தனித் திறமை என்று பிரித்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு காசின் மதிப்பு தெரிந்த கரேஜை நடித்தவரும், ஒரு நடிகரின் வீட்டில் நிலக்கரி இருக்கிறதா என்று விசாரித்தவரும் ஒரே கண்ணால்தான் பார்த்தார். பழைய பாத்திரங்களைத் தேடி வாங்குவார், காளான் பறிக்கப் போவார், நன்றாகச் சமைப்பார். பொருட்களைக் கையால் அறிந்தவர். வாழ்க்கை வரலாற்று ஆசிரியர்கள் பலர் இந்தப் பக்கத்தைக் குடும்பப் பாங்கு என்று ஓரம் கட்டிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தேய்ந்த கரண்டிக்கும் புதுக் கரண்டிக்கும் வித்தியாசம் தெரியாத ஒருவரால் அந்த மேற்சட்டையில் கரண்டியைச் செருகியிருக்க முடியாது.

1954இல் பாரீசில் நடந்த சர்வதேச நாடக விழாவில் ‘அன்னை கரேஜ்’ பரிசு பெற்றது. விமர்சகர் ரோலான் பார்த் போன்றவர்களை அது உலுக்கியது. 1956 ஆகஸ்ட் 14 அன்று பிரெக்ட் இறந்தார். இரண்டே வாரத்தில், ஆகஸ்ட் 27 அன்று, குழு லண்டனின் பேலஸ் தியேட்டரில் திரை தூக்கியது. வைகல் பயணத்தை ரத்து செய்யவில்லை. கணவரைப் புதைத்த கையோடு, மகளைப் புதைக்கக் காசு எண்ணும் தாயாக இங்கிலாந்துக்காரர்கள் முன் நின்றார். அந்த மேடையில் அவருக்குள் என்ன நடந்தது என்று ஊகிப்பது அத்துமீறல். நடந்தது மட்டும் போதும்: ஆங்கில நாடக மேடை அந்த வருகைக்குப் பிறகு பழைய மாதிரி இல்லை.

பிறகும் 15 வருடம். பெர்லின் மதில் எழுந்தது, மேற்கில் குடியிருந்த நடிகர்கள் பிரிந்தார்கள். 1959இல் ‘ஆர்துரோ ஊயி’, 1964இல் ஷேக்ஸ்பியரின் ‘கொரியொலேனஸ்’. பின்னதில் மகனைப் போருக்கென்றே வளர்த்த தாய் வொலும்னியா அவர்தான். குழுவுக்குள் சண்டைகளும் வந்தன. 1969இல் வெக்வெர்ட் வெளியேறினார். வைகல் பிரெக்டின் கையெழுத்துப் பிரதிகளையும் ஆவணங்களையும் கட்டிக்காத்தார். இந்த வருடங்களில் குழு ஒரு அருங்காட்சியகமாக உறைந்துவிட்டது என்ற குற்றச்சாட்டு உண்டு. அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆனால் அவர் மேடையை விடவில்லை. 1971 ஏப்ரலில் பாரீசுக்கு அருகே நாந்தேர் என்ற இடத்தில் மறுபடி பெலகேயா விளாசோவாவாக நடித்தார், 1932இல் ஏற்ற அதே வேடம். மே 6 அன்று பெர்லினில் இறந்தார். 71 வயது நிறைய ஆறு நாள் பாக்கி.

அவருடைய சைகைகள் காற்றோடு போகவில்லை என்பது நம் அதிர்ஷ்டம். பெர்லினர் என்சாம்பிள் தன் தயாரிப்புகளை நூற்றுக்கணக்கான புகைப்படங்களாக எடுத்து, ஒவ்வொரு நொடிக்கும் குறிப்பு எழுதி, ‘மாதிரிப் புத்தகங்கள்’ தயாரித்தது. ரூத் பெர்லாவ் அந்த வேலையில் முதன்மையானவர். 1961இல் டெஃபா திரைப்பட நிறுவனத்துக்காக பாலிட்ஷும் வெக்வெர்ட்டும் மேடை நாடகத்தையே படமாகவும் எடுத்தார்கள்.

அந்தக் குறிப்புகளில் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. கடைசிக் காட்சியில், மகள் செத்துவிட்டாள் என்பதை ஏற்காமல், தூங்குகிறாள் என்று அன்னை கரேஜ் அவளுக்குத் தாலாட்டுப் பாடுகிறாள். அண்டை வீட்டுப் பிள்ளைகளுக்கு இல்லாததெல்லாம் உனக்கு உண்டு என்கிற தோரணையில் போகும் பாட்டு. வைகல் அதில் கண்ணீர் கலக்கவில்லை. ‘உனக்கு’ என்ற இடத்தில் மட்டும் மிக மெல்லிய ஓர் அழுத்தம் கொடுத்தார். ஊரே அழிந்தாலும் என் பிள்ளையை மட்டும் கரையேற்றிவிடுவேன் என்று அவள் வைத்திருந்த நப்பாசை முழுதும் அந்த ஒரு அழுத்தத்தில் வந்துவிடுகிறது. அவளைக் கெடுத்தது அந்த ஆசைதான். தாலாட்டிலும் அது போகவில்லை. தாலாட்டின் கனிவும் அந்த ஆசையின் குருட்டுத்தனமும் ஒரே சொல்லில், ஒரே மூச்சில்.

படம் கிடைத்தால் பாருங்கள். ஜெர்மன் தெரிய வேண்டும் என்பதில்லை. முதல் தடவை கதையைப் பாருங்கள். இரண்டாவது தடவை வசனத்தை விட்டுவிட்டு அவர் கைகளையும், அந்தத் தோல்பை எப்போதெல்லாம் திறக்கிறது எப்போதெல்லாம் மூடுகிறது என்பதையும் மட்டும் பின்தொடருங்கள்.